டெக்சாஸ் ஸ்டேட் எலெக்‌ஷன்ல கன்சர்வேடிவ் வேட்பாளரை எப்படி பார்த்து தேர்ந்தெடுக்கறது

நம்ம ஆளுங்க நிறைய பேர் சிட்டிசன்ஷிப் வாங்கின பிறகு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பிரசிடென்ட் எலெக்‌ஷனுக்கு மட்டும் போய் ஓட்டு போட்டுட்டு வந்துடுறாங்க. ஆனா சொத்து வரி, ஸ்கூல், துப்பாக்கி சட்டம், அபார்ஷன் இதுல பெரும்பாலான முடிவு ஸ்டேட் தலைநகர் ஆஸ்டின்லதான் நடக்குது. மத்திய அரசுக்கு கொடுக்காத அதிகாரம் ஸ்டேட்டுக்கும் மக்களுக்கும்தான்னு 10வது திருத்தம் 1791லயே சொல்லிடுச்சு, 2022ல சுப்ரீம் கோர்ட்டோட டாப்ஸ் தீர்ப்பு வந்து அபார்ஷன் விஷயம் ஸ்டேட் கைக்கு திரும்பினப்போதான் அதோட கனம் பல பேருக்கு தெரிஞ்சுது. அரசாங்கம் சின்னதா, கண்ணுக்கெட்டுற தூரத்துல இருக்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல கவனிக்க வேண்டியது இந்த எலெக்‌ஷனைத்தான்.

வீட்டுக்கு வர்ற வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் கார்டை எடுத்து பாருங்க, உங்க ஸ்டேட் ஹவுஸ், செனட் டிஸ்ட்ரிக்ட் நம்பர் அதுலயே இருக்கும். ஹவுஸ்ல 150 பேர், செனட்ல 31 பேர். 2020 சென்சஸ் கணக்குல ஒரு ஹவுஸ் டிஸ்ட்ரிக்ட்டுக்கு 1.94 லட்சம் பேர் வருது, ஆனா பிரைமரியில, அதாவது கட்சி தன் வேட்பாளரை தேர்ந்தெடுக்க நடத்துற எலெக்‌ஷன்ல, ஓட்டு போட வர்றவங்க ரொம்ப கம்மி, அதனால அங்க ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு ஜாஸ்தி. நிறைய டிஸ்ட்ரிக்ட்ல எந்த கட்சி ஜெயிக்கும்ங்கறது முன்னாடியே தெரிஞ்சதுதான், அதனால நிஜமான போட்டி நவம்பர்ல இல்ல, இரட்டைப்படை வருஷம் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை நடக்குற பிரைமரியிலதான். டெக்சாஸ்ல கட்சியில பதிவு பண்ணிக்கணும்னு அவசியம் இல்ல, எந்த பிரைமரி வேணும்னு பூத்லயே சொல்லலாம், ஆனா வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் 30 நாள் முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

பிரைமரியில நிக்கிற எல்லாரும் நான்தான் அசல் கன்சர்வேடிவ்னு நோட்டீஸ் அனுப்புவாங்க. அதை ஓரமா வச்சிட்டு ஏற்கனவே பதவியில இருக்கறவர் எப்படி ஓட்டு போட்டிருக்கார்னு பாருங்க. டெக்சாஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் தளத்துல மசோதா நம்பரை போட்டு ஆக்‌ஷன்ஸ் பக்கம் போனா ரெக்கார்ட் வோட் நம்பரும் ஜர்னல் பக்கமும் வரும், ஜர்னலை திறந்தா யார் ஆமா யார் இல்லைன்னு பேரோட இருக்கும். கடைசி ஓட்டோட நிறுத்திடாதீங்க, அமெண்ட்மென்ட் ஓட்டுலதான் ஆளோட நிறம் தெரியும், ஏன்னா மசோதாவோட உயிரை அங்க எடுத்துட்டு கடைசியில மீதிக்கு ஆமான்னு போட்டுட்டு போயிடலாம். இன்னொன்னு, அதே ஜர்னல்ல "நான் ஆமான்னு போட்டதா காட்டுது, இல்லைன்னு போடத்தான் நினைச்சேன்"ங்கற மாதிரி சின்ன குறிப்பு இருக்கும், அது ஓட்டு எண்ணிக்கையை மாத்தாது. ஒரு தடவைன்னா விட்டுடலாம், முக்கியமான மசோதா எல்லாத்துலயும் ஒருத்தர் இப்படியே எழுதி வச்சிருந்தா கேள்வி கேட்கணும்.

2023 நவம்பர்ல நடந்ததை எடுத்துக்கோங்க. ஸ்கூல் வவுச்சரை, அதாவது பிள்ளையை பிரைவேட் ஸ்கூல்ல படிக்க வைக்க அரசு கொடுக்குற பணத்தை, மசோதாவுல இருந்து தூக்குற அமெண்ட்மென்ட் 84-63ன்னு ஜெயிச்சுது, 21 ரிபப்ளிக்கன்கள் டெமாக்ரட்டுகளோட சேர்ந்து ஓட்டு போட்டாங்க. 2024 பிரைமரியில கவர்னர் ஆபட்டே அவங்கள்ல பல பேரை எதிர்த்து நின்னவங்களுக்கு ஆதரவா பிரச்சாரம் பண்ணார், பல பேர் சீட்டை இழந்தாங்க, 2025 மே மாசம் 100 கோடி டாலர் ஒதுக்கீட்டோட அந்த திட்டம் சட்டமாச்சு. நவம்பர் எலெக்‌ஷன் வர்றதுக்கு முன்னாடியே விஷயம் பாதி முடிஞ்சிருச்சு. நான் வவுச்சர் பக்கம்தான், பிள்ளை எங்க படிக்கணும்னு பெத்தவங்கதான் முடிவு பண்ணணும். ஆனா கிராமப்புற ரிபப்ளிக்கன்கள் எதிர்த்ததுலயும் ஒரு கன்சர்வேடிவ் நியாயம் இருக்கு, சின்ன ஊர்ல அந்த ஒரு பப்ளிக் ஸ்கூல்தான் ஊரையே சேர்த்து வச்சிருக்கு, அதனால அந்த 21 பேரையும் ஒட்டுமொத்தமா துரோகின்னு சொல்றது தப்பு, மத்த ஓட்டுகளையும் சேர்த்து பார்த்துதான் எடை போடணும்.

ஹவுஸ் ஸ்பீக்கரை தேர்ந்தெடுக்குற ஓட்டை மறக்காம பாருங்க. 2025 ஜனவரியில டஸ்டின் பரோஸ் 85-55ல ஜெயிச்சார், அந்த 85ல 49 டெமாக்ரட், 36 ரிபப்ளிக்கன். கமிட்டி தலைவர்களை போடுறது ஸ்பீக்கர், எந்த மசோதா சபைக்கு வரணும்னு முடிவு பண்ற கேலண்டர்ஸ் கமிட்டியும் அவர் கையிலதான், அங்க முடங்கிப்போன மசோதாவுக்கு யார் மேலயும் பழி வராது.

வேட்பாளரை நேர்ல பார்க்க முடிஞ்சா வரியை பத்தி கேளுங்க. சொத்து வரியை குறைப்பேன்னு சொல்லாத ஆளே இல்ல. 2025ல ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது நாம குடியிருக்கிற வீட்டு மதிப்புல ஸ்கூல் வரி போடாம விடுற தொகை, 1,40,000 டாலர் ஆச்சு, நல்லதுதான், ஆனா செலவு ஏறிட்டே போனா அந்த பணம் வேற வழியா நம்மகிட்டதான் வரும். 2019ல சிட்டி, கவுண்டியோட சொத்து வரி வருமானம் ஒரு வருஷத்துல 3.5 சதவீதத்துக்கு மேல ஏறினா மக்கள்கிட்ட ஓட்டுக்கு வரணும்னு சட்டம் போட்டாங்க, முன்னாடி அது 8 சதவீதம். அதை இன்னும் இறுக்குவீங்களா, ஸ்டேட் செலவுக்கும் அதே மாதிரி கட்டுப்பாடு வைப்பீங்களான்னு நேரா கேளுங்க, ஆமாவா இல்லையான்னு பதில் வரலைன்னா அதையும் குறிச்சு வச்சுக்கோங்க. வேட்பாளருக்கு யார் பணம் கொடுக்கறாங்கன்னு டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷன் தளத்துல தேடலாம், எலெக்‌ஷனுக்கு 30 நாள் முன்னாடியும் 8 நாள் முன்னாடியும் கணக்கு தாக்கல் பண்ணணும், அந்த 8 நாள் ரிப்போர்ட்டை கண்டிப்பா பாருங்க.

பிரைமரியில யாருக்கும் பாதிக்கு மேல ஓட்டு வரலைன்னா முதல் ரெண்டு பேருக்கு நடுவுல மே மாசம் நாலாவது செவ்வாய்க்கிழமை ரன்ஆஃப் நடக்கும். மார்ச்ல போகாதவங்களும் அதுல ஓட்டு போடலாம், ஆனா மார்ச்ல ஒரு கட்சிக்கு போட்டவங்க மே மாசம் இன்னொரு கட்சி ரன்ஆஃப்ல போட முடியாது.