சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்: சொந்த வரைபடத்தில் நில உயரமும் நீர்மட்டமும்

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கணினி விளையாட்டின் முதல் பாகத்தில், வரைபடம் உருவாக்கும் மேப் எடிட்டரில் கடல் மட்டம் இயல்பாக 40 மீட்டர். நிலம் 0 முதல் 1024 மீட்டர் வரை போகலாம். எல்லாக் கணக்கும் இந்த இரண்டு எண்களில்தான்.

உயர வரைபடத்தை (சாம்பல் எவ்வளவு வெளிறியதோ அவ்வளவு உயரம் எனக் காட்டும் படம்) 1081 × 1081 பிக்சல், 16 பிட் கிரேஸ்கேல் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஒரு பிக்சல் நிலத்தில் 16 மீட்டர் அகலம். 8 பிட்டில் சேமித்தால் ஒவ்வொரு சாம்பல் படியும் 4 மீட்டர் தாவும். மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டாகிவிடும். 16 பிட்டில் ஒரு படி 1.6 சென்டிமீட்டர்தான். 8 பிட் படத்தை 16 ஆக மாற்றினால் மட்டும் படிகள் மறையாது. பிறகு லேசாக பிளர் செய்தே ஆகவேண்டும்.

16 பிட்டில் கடல் மட்டத்தின் சாம்பல் மதிப்பு சுமார் 2560. ஊர் கட்டும் கரையை 3200க்கு, அதாவது 50 மீட்டருக்கு, உயர்த்திவிடுங்கள். 41, 42 மீட்டரில் விட்டால் சிறு அலைக்கே சாலை மூழ்கும்.

ஆற்றில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படுகை ஊற்றிலிருந்து கடல்வரை இறங்கிக்கொண்டே வரவேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் நீர் அங்கே தேங்கிக் கரையைத் தாண்டி வழியும். முதலில் படுகையை முழுதாகச் செதுக்குங்கள், பிறகு நீர் ஊற்றை வையுங்கள். ஊற்றின் உயரத்தைக் கரைக்குச் சில மீட்டர் கீழே நிறுத்தி, கொள்ளளவை (அது வெளிவிடும் நீரின் அளவை) குறைவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சிமுலேஷனை வேகமாக ஓடவிட்டு, மட்டம் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். நீர் பரவும்போதே நிலத்தைத் திருத்தினால் உண்மையான மட்டம் தெரியாது.