அப்லேஷன் கதீட்டரை மேசையில் சோதிப்பது எப்படி?

இதயத் துடிப்புக் கோளாறுக்கு ரேடியோ அதிர்வெண் அப்லேஷன் செய்யும்போது, இரத்தக் குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்திய கதீட்டர் என்னும் மெல்லிய குழாயின் உலோக முனையால், தவறான மின்சாரம் ஓடும் தசைத் துணுக்கைச் சுட்டுச் செயலிழக்க வைக்கிறோம். தசை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸை எட்டினால் மீளாது. 100 டிகிரியைத் தொட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, தசை 'டப்' என்று வெடிக்கும். சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள மேலறைச் சுவரில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே வேலையை முடிக்க வேண்டும். ஆகவே புதிய முனை ஒன்றை விலங்குச் சோதனைக்கு அனுப்புமுன், அது எவ்வளவு ஆழம் சுடுகிறது என்பதை மேசையிலேயே அறிந்துகொள்ள வேண்டும். முனைக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் திரையில் தெரியும் வெப்பநிலை இதைச் சொல்லாது. சலைன் (உப்புநீர்) பாய்ந்து குளிரூட்டும் முனையில் உள்ள தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரி, குளிர்ந்துபோன உலோகத்தைத்தான் அளக்கிறது. திரை 40 என்று காட்டும்போதே 3 மி.மீ. ஆழத்தில் தசை கொதித்துக்கொண்டிருக்கலாம்.

தசையில் தொடங்குவோம். அன்றே எடுத்த பன்றி அல்லது மாட்டு இதயத்தின் இடது கீழறைச் சுவர், 15 மி.மீ.க்குக் குறையாத தடிமனில் வேண்டும். உறைய வைத்ததைத் தொடாதீர்கள். பனிப்படிகம் செல் சவ்வைக் கிழித்துவிடுவதால் மின்கடத்தல் மாறிவிடும், பிறகு சுட்ட ஆழத்தை அளக்கப் போடும் சாயமும் சரியாகப் பிடிக்காது.

10 லிட்டர் தொட்டியில் 37 டிகிரியில் சலைன், அடியில் மின்சாரம் திரும்பிச் செல்ல அகன்ற உலோகத் தகடு, அதன்மேல் தசை. பெரும்பாலோர் சறுக்குவது இந்தச் சலைனில்தான். 0.9 சதவீதச் சலைன் இரத்தத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்தும். அப்படியே ஊற்றினால் மின்னோட்டம் தசைக்குள் போகாமல் சுற்றியுள்ள நீர் வழியே ஓடிவிடும். சுட்ட புண் சிறிதாக வரும், பழியோ முனையின் வடிவமைப்பின் மேல் விழும். முனை தசையைத் தொட்ட நிலையில் ஜெனரேட்டர் மின்தடையை 100 முதல் 120 ஓம் எனக் காட்டும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துக் கொண்டே வாருங்கள். முனை வழியே பாயும் சலைனும் தொட்டியில்தான் சேர்கிறது. நிமிடத்துக்கு 30 மி.லி. வீதம் ஒரு நிமிடச் சூடு 20 போட்டால் 600 மி.லி. கூடிவிடும். ஐந்து சூட்டுக்கு ஒருமுறை ஓம் அளவைச் சரிபாருங்கள். தசைப் பரப்பின் மேல் நீரோட்டத்தைச் சிறு பம்பு கொண்டு உண்டாக்குங்கள். அசையாத நீரில் முனையும் பரப்பும் குளிராது, புண்ணின் வடிவமே மாறிவிடும்.

அழுத்தத்தைக் கை உணர்வுக்கு விட வேண்டாம். கதீட்டரைச் செங்குத்துத் தாங்கியில் பிடித்து, தராசு அல்லது விசை உணரி மூலம் 5, 10, 20, 40 கிராம் என மாற்றுங்கள். 10 முதல் 20 கிராம்தான் நடைமுறையில் நாடும் எல்லை. 5 கிராமில் முனை தொட்டும் தொடாமலும் நிற்கும். 40 கிராமைத் தாண்டினால் மெல்லிய சுவர் துளைபடும் அபாயம் உண்டு. செங்குத்தாக ஒரு வரிசை, படுக்கையாக ஒரு வரிசை சுடுங்கள்.

முதல் அளவு 30 வாட், 30 விநாடி, 10 கிராம். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு சேர்க்கைக்கும் குறைந்தது 10 புண். சூடேறிய தசை மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் ஓம் அளவு இறங்கும். 5 ஓம்கூட இறங்கவில்லையென்றால் தொடுகை சரியில்லை. சுமார் 10 ஓம் இறக்கம் நல்ல அறிகுறி. செங்குத்தாகச் சரிந்துகொண்டே போனால் வெடிப்பு வரப்போகிறது, திடீரென ஏறினால் முனையில் ஏதோ படிந்திருக்கிறது. இரத்தம் முனையில் கருகி ஒட்டுவதைச் சலைன் தொட்டி ஒருநாளும் காட்டாது. அதற்கு ஹெபாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சேர்த்த இரத்தத்தில் தனிச் சோதனை வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு "இரத்தக் கட்டி படியவில்லை" என்று அறிக்கை எழுதுவது அபத்தம். அங்கே படியும் துணுக்குதான் நோயாளியின் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் உண்டாக்கக்கூடியது.

மின்னோட்டம் நேரடியாகச் சூடாக்குவது முனையை ஒட்டிய 1, 2 மி.மீ. மட்டுமே. மீதி ஆழத்துக்கு வெப்பம் பரவித்தான் போகிறது, அதனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆழத்தில் வெப்பநிலை சில விநாடிகள் ஏறும். 90 வாட், 4 விநாடி போன்ற குறுஞ்சூடுகளில் இது முக்கியம். நிறுத்தியவுடன் முனையை எடுத்து, அடுத்த இடத்தை ஒட்டியே உடனே சுட்டால் இரண்டின் வெப்பமும் கூடிவிடும். மேலறைக்குப் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சுட்ட இடத்தின் நட்ட நடுவில் வெட்டுங்கள். 1 மி.மீ. விலகினாலும் ஆழம் குறைவாகத் தெரியும். துண்டை 1 சதவீத டிரைஃபீனைல் டெட்ரசோலியம் குளோரைடு சாயக் கரைசலில், 37 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். உயிருள்ள தசை செங்கல் நிறமாகும், செத்தது வெளுத்து நிற்கும். அதிகபட்ச ஆழம், அதிகபட்ச அகலம், அந்த அகலம் எந்த ஆழத்தில் வருகிறது, மேற்பரப்பு அகலம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். சலைன் முனைகளில் பரப்பு குளிர்வதால் புண் பேரிக்காய் போல உள்ளேதான் விரிந்திருக்கும். மேலே பார்த்து அளவு சொன்னால் ஏமாந்துபோவீர்கள்.

சூடாக்காமல், குறு மின்துடிப்புகளால் செல் சவ்வைத் துளைக்கும் துடிப்பு மின்புல முறைக்கு உருளைக்கிழங்குத் துண்டு கைகொடுக்கும். மின்புலம் துளைத்த பகுதி சில மணி நேரத்தில் கருக்கும். புலத்தின் வடிவத்தை அதில் ஒப்பிடலாம், வோல்ட் எண்ணை மட்டும் இதயத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

கதீட்டர் உடலுக்கு ஐஎஸ்ஓ 10555-1, உயிரிணக்கத்துக்கு ஐஎஸ்ஓ 10993, உயர் அதிர்வெண் பாதுகாப்புக்கு ஐஇசி 60601-2-2 ஆகிய தரநிலைகள் உள்ளன. இச்சோதனைகளுக்குக் கிருமிநீக்கம் முடிந்த மாதிரிகளையே எடுங்கள், கிருமிநீக்க வாயு பட்ட பின் பசை இணைப்புகள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மேசையில் துடிப்பில்லை, தசைக்குள் இரத்த ஓட்டமும் இல்லை. பெரிய நாளம் அருகே ஓடினால் அது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 50 டிகிரியை எட்டாத விளிம்புத் தசை மயங்கிக் கிடந்து, பிறகு விழித்துக்கொள்ளும். அன்றைக்கு மறைந்த மின்சைகை வாரங்கள் கழித்துத் திரும்புவது இதனால்தான். ஆகவே விலங்குச் சோதனையில் சில பன்றிகளை அன்றே பாருங்கள், சிலவற்றைக் குறைந்தது 30 நாள் வைத்திருந்து மீண்டும் மின்வரைபடம் எடுத்த பிறகே இதயத்தை வெட்டுங்கள்.