கிழித்த கலண்டர் தாளை எறியாதீங்க

தோட்டத்தில வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணித் துண்டோ, பிள்ளை வரமோ, எதுக்குக் காத்திருந்தாலும் ராத்திரியிலதான் மனசு கனக்கும். நான் செய்றது இது: அன்றைய கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்று கிடைத்த ஒன்றை மட்டும் எழுதுவேன். பொதுவா "நன்றி சாமி" என்றால் மனசில ஒட்டாது. "பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா ரொட்டியும் கட்டசம்பலும் தந்தாங்க", "மழைக்கு முன்னே தேயிலைக் கொழுந்தை எடை போட்டாச்சு" என்று விவரமா எழுதணும். அப்புறம்தான் வேண்டுதல். அழுதுகிட்டே கேட்டாலும் மாரியம்மா கோவிச்சுக்க மாட்டா.

தாள்களைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைங்க. தேயிலைச் செடியைக் கட்டையா வெட்டி, கவ்வாத்து பண்ணின மலையைப் பார்த்திருப்பீங்க: வெறும் குச்சி, திரும்பக் கொழுந்தெடுக்க மாதக்கணக்காகும். மனசு அப்படி இருக்கிற நாளில் டின்னைத் திறந்து நாலு தாள் வாசிங்க. எனக்கு மூணாவதிலேயே தூக்கம் வந்துடும்.