பி-4 ஹெல்மெட்னு வாங்கினேன், உள்ள வேற கதை

1950கள்ல அமெரிக்க விமானப்படை பைலட்டுங்க போட்ட ஹெல்மெட் ஒண்ணு, பி-4ன்னு சொல்லி வித்தாங்க, நானும் முன்னாடி வைசர், அதான் கண்ணுக்கு முன்னாடி இறக்கிக்கிற மறைப்பு, இருக்கே, சரியாத்தான் இருக்கும்னு நம்பி வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து உள் பேடை மெதுவா விலக்கி டார்ச் அடிச்சா லேபிள்ல பி-1ஏன்னு இருக்கு! பி-1ஏல வைசரே கிடையாதே. ஏமாந்துட்டோம்னு ஒரு ராத்திரி தூக்கமே வரல.

மறுநாள் வைசர் கவரோட ஸ்க்ரூவ கழட்டினேன். கவருக்கு அடியில பழைய பெயிண்ட் அப்படியே இருக்கு, துளை ஓரமெல்லாம் கருத்துப்போய் அழுக்கு ஏறிக் கிடக்கு. நேத்து போட்ட துளைன்னா ஓரம் பளிச்னு வெளுப்பா தெரியும். அப்புறம்தான் புரிஞ்சுது, பி-1ஏ மாதிரி பழைய ஹெல்மெட்டோட ஷெல்லுக்கு, அதாவது வெளி ஓட்டுக்கு, விமானப்படையே வைசர் மாட்டி அதுக்கு பி-3ன்னு பேர் வச்சாங்க, பி-4 தான் தயாரிக்கும்போதே வைசரோட வந்தது. பின்னாடி வந்த எச்ஜியு-2ஏ ஹெல்மெட் கதையும் இதேதான், ரெண்டு வைசர் மாட்டினா அது எச்ஜியு-26.

மேல் பெயிண்ட சுரண்டிப் பாக்கலாம்னு உப்புத்தாள் வேற எடுத்து வச்சிருந்தேன், நல்லவேளை கை வைக்கல. ஸ்க்ரூவ அதே துளையில திருப்பி மாட்டிட்டு, என் நோட்ல பி-4ஐ அடிச்சுட்டு பி-3ன்னு எழுதிட்டேன்.