இஃப், அன்லெஸ், இன் கேஸ்: 'வந்தா', 'வரலன்னா'வ இங்கிலீஷ்ல சொல்றது எப்படி?

இங்கிலீஷ்ல கண்டிஷன் போட்டுப் பேசறது நமக்கு ஏன் இடிக்குதுன்னா, தமிழ்ல கண்டிஷன் வினைச்சொல்லோட வாலுலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. வந்தா, போனா, கேட்டா... கடைசில இருக்கிற அந்த 'ஆ'தான் மொத்த வேலையும் பாக்குது. இங்கிலீஷ்ல அதைப் பிச்சு எடுத்து தனி வார்த்தையா முன்னாடி வைக்கணும், அவ்ளோதான் மேட்டர், ஆனா வைக்கும்போதுதான் வழுக்கும்.

ஸ்டெப் 1. சொல்ல வர்றத முதல்ல தமிழ்லயே சொல்லிப் பாருங்க. 'மழை வந்தா வீட்லயே இருப்பேன்.' இதுல 'வந்தா' கண்டிஷன், 'இருப்பேன்' ரிசல்ட். 'இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே அட் ஹோம்.' நாளைக்கு வரப்போற மழைதானேன்னு 'இஃப் இட் வில் ரெயின்'னு போட்றாதீங்க. 'வில்' ரிசல்ட் பக்கம் மட்டும்தான். நம்ம 'வந்தா'வுலயும் வருங்காலம் இல்லையே, உள்ள இருக்கிறது 'வந்தான்'ல வர்ற அதே 'வந்த்'தான்.

ஆனா 'அவன் வருவானான்னு தெரியல'க்கு 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்'னு வில் போடலாம். ஏன்னா இது கண்டிஷனே இல்ல, சந்தேகம். இஃப்ப தூக்கிட்டு 'வெதர்' (whether) வச்சுப் பாருங்க, அர்த்தம் மாறலன்னா அது இந்த ரகம்.

ஸ்டெப் 2, அன்லெஸ். இதுல நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு கிளையன்ட்டுக்கு, 'நீங்க பதில் போடலன்னா மீட்டிங்க கேன்சல் பண்ணிடுவேன்'னு சொல்றதா நெனச்சு 'அன்லெஸ் யூ டோன்ட் ரிப்ளை, ஐ வில் கேன்சல் தி மீட்டிங்'னு மெயில் தட்டிட்டேன். அவர் உடனே பதில் போட்டாரு, கூடவே 'பதில் போட்டுட்டேன், அப்போ மீட்டிங் கேன்சலா?'ன்னு ஒரு கேள்வி. அன்லெஸ்குள்ளயே 'இல்லன்னா' இருக்கு, அதுமேல இன்னொரு 'டோன்ட்' ஏத்துனா அர்த்தம் அப்படியே தலைகீழ். 'அன்லெஸ் யூ ரிப்ளை'ன்னு நிறுத்திருக்கணும்.

ஸ்டெப் 3, இன் கேஸ். 'இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் டேக் அன் அம்ப்ரெல்லா'ன்னா மழை வந்தாதான் குடைய எடுப்பேன். 'ஐ வில் டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்'னா மழை வருதோ இல்லையோ, எதுக்கும் இருக்கட்டும்னு இப்பவே எடுத்துக்கறேன். இந்த 'எதுக்கும் இருக்கட்டும்' உங்க மனசுல இருந்தா இன் கேஸ் போடுங்க.

மத்ததெல்லாம் ஈஸி. 'வந்தாலும்'னா ஈவன் இஃப். 'இந்த ஒரு விஷயம் நடந்தா மட்டும் சரி'ன்னு கண்டிப்பா சொல்லணும்னா ப்ரொவைடட் தட், அதையே கொஞ்சம் சாதாரணமா சொல்ல ஆஸ் லாங் ஆஸ். கண்டிஷன் முன்னாடி வந்தா நடுவுல ஒரு கமா, பின்னாடி வந்தா பொதுவா வேணாம்.

ஸ்டெப் 4, நடக்காமப் போனது. 'தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்.' இதுக்கு நம்ம தமிழே கை குடுக்குது. '-இருந்தா' வர்ற இடத்துல 'ஹேட்', '-இருப்பேன்' வர்ற இடத்துல 'வுட் ஹேவ்'. 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.' 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்'னு ரெண்டு பக்கமும் வுட் போட்டு சிலர் பேசறத கேட்டிருப்பீங்க, எழுதும்போது அத விட்ருங்க.

இப்போ ஒண்ணு ட்ரை பண்ணுங்க: 'நீ சொல்லலன்னா எனக்கு தெரிஞ்சிருக்காது.' 'லன்னா'வ பாத்ததும் கை அன்லெஸ்க்குப் போகும். ஆனா அந்த 'நீ'ங்கற ஆள்தான் சொல்லிட்டானே, சொல்லாம இருந்திருந்தாங்கறது வெறும் கற்பனை, அந்த மாதிரி கற்பனைக்கு அன்லெஸ் ஒத்துவராது. 'இஃப் யூ ஹேடன்ட் டோல்ட் மீ, ஐ வுடன்ட் ஹேவ் நோன்.'