புண்ணாக்கு கரையாத கதை

காரைக்குடிப் பக்கம் எங்கள் நாலு கறவை மாடுகளின் ரூமனில் (இரைப்பையின் முதல் அறையில்) தீவனம் எவ்வளவு சிதைகிறது என்று, 1979-இல் ஓர்ஸ்கோவ், மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர்கள் தந்த சமன்பாட்டை எக்செலில் போட்டேன். கடலைப் புண்ணாக்கு 31 சதவீதம்தானாம்! மாடு வளர்ப்பவர் யாரும் நம்பமாட்டார். ஈரப்பதத்தைச் சந்தேகித்தேன், தீவனத்தை நைலான் பையில் கட்டி ரூமனில் வைத்து எடுத்த அளவுகளை மறுபடி தட்டினேன். மூன்று நாள் போனது.

சர்க்கரை ஆலைப் பாகான மொலாசஸுக்கு மட்டும் விடை பொருந்தியதுதான் என்னைக் கெடுத்தது. அது உடனே கரைவது, வேகக் கணக்கு அதை அவ்வளவாகத் தொடாது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: மணிக்குச் சிதையும் வேகம் 0.10, ரூமனைவிட்டு வெளியேறும் வேகம் 5. முன்னது பின்னம், பின்னது சதவீதம். 5-ஐ 0.05 ஆக்கினேன். புண்ணாக்கில் உடனே கரையும் பங்கு 30 சதவீதம், மெதுவாகச் சிதையும் பங்கு 60. 30 + 60 × 0.10 ÷ (0.10 + 0.05) = 70. அப்பாடா! வைக்கோலின் விடையும் தானாக ஏறிவிட்டது.