எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி, சி: ஈரலைக் கெடுக்கும் தவறுகள்

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் குளிசையை நிறுத்திவிடுபவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். காலபோக அருவிவெட்டு முடியட்டும் என்று கிளினிக் திகதியைத் தள்ளி, இரண்டு கிழமை மருந்தில்லாமல் இருப்பவர்களும் உண்டு. எச்.ஐ.வி. மட்டும் உள்ளவருக்கே இது கெடுதல். கூடவே ஹெபடைட்டிஸ் பி இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இப்போது பலர் தினமும் எடுக்கும் ஒற்றைக் குளிசையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கின்றன. முதல் இரண்டும் பி வைரசையும் சேர்த்தே அடக்குகின்றன. குளிசை நின்றால் அடங்கியிருந்த பி மறுபடி பெருகும். ஈரல் அழற்சி திடீரெனக் கூடி, கண் மஞ்சளாகி, சிலருக்கு ஈரலே செயலிழக்கும். விரதமென்றாலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குங்கள். இந்தக் குளிசைக்குச் சாப்பாடு கட்டாயமில்லை.

இதே தவறு மருந்து மாற்றும்போதும் நடக்கும். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) ஏறினால் டெனோஃபோவிரை எடுத்துவிடுவார்கள். பி இருப்பது கோவையில் எழுதப்படாவிட்டால், அதன்பிறகு பி-க்கு எதிராக லாமிவுடின் மட்டுமே மிஞ்சும். அதை மட்டும் நம்பியிருந்தால் நான்கு ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பி வைரசு அந்த மருந்துக்கு மசியாது. சிறுநீரகத்துக்குச் சுமை குறைந்த டெனோஃபோவிர் அலாஃபெனமைட், அல்லது எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்த்து என்டெகாவிர் என்று மாற்றுவழி உண்டு. என்டெகாவிரைத் தனியே கொடுத்தால் எச்.ஐ.வி. வைரசு மருந்துக்கு மசியாததாகிவிடலாம். ஆகவே மருந்து மாறும் ஒவ்வொரு முறையும், "டொக்டர், எனக்குப் பி இருக்கு, இதில டெனோஃபோவிர் இருக்கா?" என்று கேளுங்கள். வேறு வைத்தியசாலையில் படுத்தாலும் இரண்டு நோயையும் சொல்ல வேண்டும். மறைப்பது ஏன் என்று விளங்குகிறது. ஆனால் ஈரலுக்கு அது விளங்காது.

சி வேறு கதை. பிறபொருளெதிரி (வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்) பரிசோதனை பொசிற்றிவ் என்றதும் நோய் இருக்கிறதென்று முடிவுகட்டுவது பிழை. தானாகக் குணமானவருக்கும் மருந்தால் குணமானவருக்கும் அது பொசிற்றிவ்வாகவே இருக்கும். வைரசு இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். சிடி4 (எச்.ஐ.வி. தாக்கும் நோயெதிர்ப்புக் கலங்கள்) மிகக் குறைந்தவருக்கு மறுபக்கமும் நடக்கும்: நோயிருந்தும் பிறபொருளெதிரி நெகற்றிவ் வரலாம். காரணம் தெரியாமல் ஈரல் நொதியம் ஏறியிருந்தால் ஆர்.என்.ஏ. கேளுங்கள்.

சி-க்குப் பெரும்பாலும் 12 கிழமை மருந்து, சொஃபோஸ்புவிர் 400, டக்லடாஸ்விர் 60 மில்லிகிராம். குணமாகும் வாய்ப்பு 95 வீதத்துக்கு மேல். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு டக்லடாஸ்விர் 90 ஆக வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும்போது இந்த மருந்துகளைத் தொடங்கக்கூடாது; இரத்தத்தில் அவற்றின் அளவு விழுந்துவிடும். தொடங்குமுன் பி-யையும் பார்த்தே ஆக வேண்டும்: சி அழிந்ததும், சிகிச்சையில்லாத பி தலைதூக்கலாம். குணமானவருக்கு மீண்டும் சி தொற்றலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

செங்கமாரி என்றதும் பரியாரியிடம் ஓடுவது நமது ஊர் வழக்கம். கீழ்க்காய்நெல்லி குடித்து மஞ்சள் இறங்கியது என்பார்கள். மஞ்சள் தானாகவும் இறங்கும், ஆனால் வைரசு ஈரலிலேயே இருக்கும். கசிப்பும் கள்ளும் அறவே வேண்டாம். ஈரல் கெட்டவர் பனடோல் எடுத்தால் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை நான்குக்கு மேல் போகக்கூடாது.

வீட்டில் தட்டையும் கோப்பையையும் பிரிப்பது வீண். பி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே சவரப் பிளேட், பல் பிரஷ், நகம்வெட்டி தனித்தனி. சலூனில் உங்கள் கண்முன் புது பிளேட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். காவடிக்குச் செடில் குத்தும் முள்ளும் ஒருவருடையது இன்னொருவருக்குப் போகக்கூடாது. டெற்றோலில் துடைத்தால் போதாது.

பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை. பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதத்தில் ஐந்துநோய்த் தடுப்பூசியோடு அது கிடைக்கிறது. பெரியவர்கள் பலருக்குப் போடப்படவில்லை. துணைவருக்கும் வீட்டாருக்கும் முதலில் இரத்தம் பார்த்து, தொற்று இல்லையென்றால் 0, 1, 6 மாதம் மூன்று ஊசி. எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சாதாரண அளவு பிடிக்காமல் போகலாம் என்பதால் இரட்டை அளவு கொடுப்பதுண்டு. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதத்தின்பின் பிறபொருளெதிரியை அளக்க வேண்டும். 10 அலகுக்கு (mIU/mL) கீழே வந்தால் மூன்றையும் திரும்பப் போட வேண்டும்.